பிறந்தபோது எத்தனை கிலோ? அம்மாவிடம் கேட்டு எழுதி வையுங்கள்

28 வருடம் கிராமச் சுகாதாரச் செவிலியராக இருந்தேன். துணித்தூளியில் குழந்தையைப் படுக்க வைத்துத் தராசில் தொங்கவிட்டால், முள் இரண்டரைக் கிலோவைத் தொடுகிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன். என் சின்ன மகனுக்குத் தொடவில்லை. 1988-ல் நிறைமாதத்தில் பிறந்தும் 2 கிலோ 100 கிராம்தான்.

மைசூர் ஹோல்ட்ஸ்வர்த் மருத்துவமனையில் 1934 முதல் 1954 வரை பிறந்தவர்களை, அவர்கள் பெரியவர்களான பின் ஆராய்ச்சியாளர்கள் தேடிப்பிடித்துப் பரிசோதித்தார்கள். முடிவு 1996-ல் வந்தது. இரண்டரைக் கிலோவுக்குள் பிறந்தவர்களில் 100-க்கு 11 பேருக்கு இதய நோய், 3.1 கிலோவும் அதற்கு மேலும் இருந்தவர்களில் 3 பேருக்குத்தான். வயிற்றில் சத்து போதாவிட்டால் குழந்தையின் உடல் மூளையைக் காப்பாற்றிவிட்டு, தசையையும் சிறுநீரகத்தையும் குறைத்துக்கொள்ளும். சிறுநீரகத்தின் வடிகட்டிகள் பின்னால் புதிதாக முளைப்பதில்லை. இரத்த அழுத்தம் ஏற அதுவும் ஒரு காரணம்.

அதனால் முதல் வேலை, எடையைக் கண்டுபிடிப்பது. பிரசவ அட்டை, டிஸ்சார்ஜ் சீட்டு எதுவும் இல்லையா? அம்மாவிடமோ அத்தையிடமோ கேளுங்கள். "கண்ணாடிப் பெட்டியில வச்சிருந்தாங்க", "எலிக்குஞ்சு மாதிரி இருந்தே" என்பதும் தகவல்தான். ஆனால் குற்றம் சொல்லும் குரலில் கேட்காதீர்கள். அந்தக் காலத்தில் வீட்டில் கடைசியாகச் சாப்பிட உட்கார்ந்தவள் அம்மாதான்.

டாக்டரைப் பார்க்கும்போது, அப்பாவுக்கு மாரடைப்பு வந்ததைச் சொல்வதுபோல இதையும் சொல்லுங்கள். 30 வயதிலிருந்தே வருடம் ஒருமுறை பி.பி., சர்க்கரை, கொழுப்பு பாருங்கள். பி.பி. பார்க்கும் முன் அரை மணி நேரம் காபி வேண்டாம். ஐந்து நிமிடம் சாய்ந்து உட்காருங்கள், கை நெஞ்சு மட்டத்தில் இருக்கட்டும். பலர் மாடிப்படி ஏறி வந்த மூச்சோடு கையை நீட்டுவார்கள், அளவு தப்பாக வரும்.

எனக்கு முக்கியமாகப் படுவது இடுப்பு டேப். சின்னதாகப் பிறந்து, பின்னால் வயிறு போடுகிறவர்களுக்குத்தான் ஆபத்து கூடுதல். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே, மூச்சை விட்டபின் அளந்து பாருங்கள். ஆண் 90 சென்டிமீட்டர், பெண் 80, அதைத் தாண்டவிடக் கூடாது. அப்புறம், ஒல்லிக் குழந்தையைக் கொழுகொழுவென்று ஆக்கப் பிஸ்கட்டும் சர்க்கரைப் பாலும் திணிக்காதீர்கள். நானே என் மகனுக்கு அதைச் செய்தேன்.

போன மாதம் அவனுக்கு அளந்தேன். 94. இப்போது காலையில் இருவரும் ஏரிக்கரையில் நடக்கிறோம்.