நௌலாவைச் சீரமைக்கப் போய் அதைக் கெடுக்கும் தவறுகள்

உத்தராகண்டின் குமாவுன் மலைக் கிராமங்களில் தானாகக் கொட்டும் ஊற்று ‘தாரா’. கசிந்து ஊறும் நீரைக் கல் கட்டித் தேக்கினால் ‘நௌலா’. பார்வைக்குச் சிறு கோயில்போல இருக்கும். மேலே கற்பலகைக் கூரை. உள்ளே படிப்படியாகக் குறுகி இறங்கும் சதுரக் குழி. கற்களைப் பெரும்பாலும் சாந்தில்லாமலே அடுக்கியிருப்பார்கள். அந்த இடுக்குகள்தான் தண்ணீர் வரும் வாசல்.

ஆகவே முதல் தவறு, உள்சுவரில் சிமெண்ட் பூசுவது. கொத்தனார் கண்ணுக்கு அது ஒழுகும் தொட்டி! இடுக்கை அடைத்ததும் தண்ணீர் சுவருக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு கீழே எங்கோ வெளியேறும். கோடையில் குழி காய்ந்து கிடக்கும். ஏற்கெனவே பூசியிருந்தால் நீர் குறைந்த மே மாதத்தில் உளியால் பெயர்த்தெடுங்கள். கல்லைப் பிரிக்க நேர்ந்தால் ஒவ்வொன்றுக்கும் எண் எழுதி, அதே வரிசையில் அடுக்குங்கள். மலைப்பக்கச் சுவருக்குப் பின்னால் மண்ணைக் கொட்டாமல் கூழாங்கல் நிரப்பினால் சேறு வடிகட்டப்படும். களிமண்ணைச் சரிவின் கீழ்ப்பக்கச் சுவருக்குப் பின்னால் மட்டும் போடுங்கள்.

தூர் வாரும்போது வண்டலோடு நிறுத்துங்கள். அதிக நீருக்கு ஆசைப்பட்டு அடியைத் தோண்டினால், நீரைத் தாங்கும் களிமண் அடுக்கோ பாறையோ உடைந்து ஊற்று கீழே இறங்கிவிடும்.

அடுத்தது, நௌலாவுக்கு நேர்மேலேயே மழைநீர்க் குழிகள் வெட்டுவது. பாறை அடுக்குகள் சாயும் திசையிலேயே நீர் நகரும். மழைநீர் மண்ணுக்குள் இறங்கி ஊற்றுக்குச் சேரும் இடம் மலைமுகட்டின் மறுபக்கத்தில்கூட இருக்கலாம். 2008இல் சிக்கிமில் தொடங்கிய, ஊற்றுகளை மீட்கும் தாரா விகாஸ் திட்டம் நிலவியல் பார்த்து இடம் குறித்ததற்குக் காரணம் இதுதான். இடம் உறுதியானபின், சமமட்டக் கோட்டில் 2 மீட்டர் நீளம், 60 செ.மீ. அகலம், 50 செ.மீ. ஆழத்தில் ஒன்றுவிட்டு ஒன்றாக வெட்டலாம். ஒரு குழி ஒரு தடவைக்கு 600 லிட்டர் பிடிக்கும். எடுத்த மண்ணைக் கீழ்க்கரையில் போட்டுப் புல் நடுங்கள். நிலச்சரிவு வந்த சரிவில் குழியே வேண்டாம். ஊறிய நீரே மண்ணை இளக்கிவிடும்.

மழைக்காலத்தில் மட்டும் அளந்துவிட்டு ‘நீர் கூடிவிட்டது’ என்பதும் நடக்கிறது. ஆண்டு முழுவதும் மாதம் ஒருமுறை அளக்க வேண்டும். தாராவில் 10 லிட்டர் வாளி 40 வினாடியில் நிறைந்தால் நிமிடத்துக்கு 15 லிட்டர். நௌலாவில் 12 வாளி இறைத்து, பழைய மட்டம் வர 30 நிமிடம் ஆனால் நிமிடத்துக்கு 4 லிட்டர்.

மேற்சரிவில் கழிப்பறைக் குழி, மாட்டுத் தொழுவம் கூடாது. விரிசல் பாறை எதையும் வடிகட்டாது. தெளிந்த நீரிலும் மலக்கிருமி இருக்கலாம். மரம் நடுவதானால் பாஞ்சு ஓக், புரான்ஸ் (ரோடோடென்ட்ரான்). அவையும் சுவரைவிட்டுத் தள்ளியே. வேர் புகுந்தால் கல் பிளந்துவிடும்.