புரோக்கரிடமும் சொல்லியாச்சு, நாமும் விளம்பரம் போடலாமா? தருமபுரியில் வீடு விற்பவர்களுக்கு

அப்பா கட்டிய இலக்கியம்பட்டி வீட்டை விற்க முடிவானதும் தெரிந்த புரோக்கர் ஒருவரிடம் சொன்னேன். அதே வாரம் நானே ஆன்லைனிலும் விளம்பரம் போட்டேன். அவர் பார்ட்டிகளிடம் 42 லட்சம் சொல்லிக்கொண்டிருந்தார், நான் 40 என்று போட்டிருந்தேன். அவர் கூட்டிவந்த பார்ட்டி வாசலில் நின்றபடியே போனை எடுத்து என் விளம்பரத்தைக் காட்டினார். பேச்சு அங்கேயே முறிந்தது. தவறு என்னுடையது. அதற்குப் பிறகு கற்றுக்கொண்டதை, முதன்முறை வீடு விற்பவர்களுக்காக வரிசையாக எழுதுகிறேன்.

படி 1: விளம்பரத்துக்கு முன்னால் புரோக்கரோடு பேச்சு

"நானும் சொந்தமா விளம்பரம் போடப்போறேங்க" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அவர் மட்டும்தான் விற்க வேண்டும் என்று ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தால், அந்தக் கெடு முடியும்வரை காத்திருங்கள், அல்லது அதை மாற்றி எழுதுங்கள். இல்லையென்றால் மூன்று விஷயத்தை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள்: அவர் கொண்டுவரும் பார்ட்டிக்குக் கமிஷன் எவ்வளவு, உங்கள் விளம்பரம் பார்த்து வருபவருக்கு எவ்வளவு, இந்தப் பேச்சு எத்தனை மாதத்துக்கு.

கமிஷன் பேச்சு பெரும்பாலும் 1 அல்லது 2 சதவீதத்தில் ஆரம்பிக்கும். நேராக வரும் பார்ட்டிக்குக் கமிஷன் கிடையாது என்பது நியாயம்தான். ஆனால் பத்திர எழுத்தர், சார்பதிவாளர் அலுவலகம், பட்டா மாறுதல் என்று அலைவதும் புரோக்கர்தான் என்றால், அதற்கு ஒரு தொகை பேசிக் கொடுங்கள். உழைப்புக்குக் காசு கொடுக்கத் தயங்கக் கூடாது என்பது என் கருத்து.

படி 2: பெயர்ப் பட்டியல்

சண்டை வருவதெல்லாம் "அந்தப் பார்ட்டி யார் கொண்டுவந்தது?" என்ற ஒரே கேள்வியில்தான். ஒவ்வொருவரையும் கூட்டிவருவதற்கு முன் பெயர், ஊர், போன் நம்பரின் கடைசி நான்கு எண்கள் ஆகியவற்றை உங்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும்படி புரோக்கரிடம் சொல்லுங்கள். உங்களை நேராக அழைப்பவர்களையும் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி, அன்று மாலையே அவருக்குத் தெரிவியுங்கள்.

புரோக்கரோடு வந்து பார்த்தவர் நான்கு நாள் கழித்து உங்களுக்கே போன் செய்வார். "அண்ணா, நடுவுல அவரு எதுக்குங்க, நாம நேரா முடிச்சுக்கலாம்" என்பார். எனக்கும் அப்படி ஒரு அழைப்பு வந்தது. பட்டியலில் பெயர் இருந்தது. "அவரோடவே வாங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அந்தப் பார்ட்டி மறுபடி வரவே இல்லை, எனக்கு அதில் வருத்தமும் இல்லை.

படி 3: எல்லா இடத்திலும் ஒரே விலை

புரோக்கர் சொல்வது, ஆன்லைனில் இருப்பது, வாசல் போர்டைப் பார்த்துக் கேட்பவரிடம் நீங்கள் சொல்வது எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும். குறைப்பது நேரில் உட்காரும்போது. முத்திரைத்தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதத்தையும் வாங்குபவர் மனதில் சேர்த்தே கணக்குப் போடுவார். எங்கு வரை இறங்குவீர்கள் என்பதை அதையும் வைத்து முடிவு செய்யுங்கள்.

படி 4: கையில் காகிதம்

மூலப்பத்திரம், உங்கள் பெயரில் பட்டா, 30 ஆண்டு வில்லங்கச் சான்று (சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமான விவரம்), வீட்டு வரி ரசீது, கட்டட வரைபட அனுமதி. வில்லங்கம் பதிவுத்துறை இணையதளத்திலேயே எடுக்கலாம். பட்டா இன்னும் அப்பா பெயரில் இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள், விளம்பரம் பிறகு. பத்திரத்தின் படத்தை விளம்பரத்தில் போடாதீர்கள்.

ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு எண் போட வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. அந்த 2016 சட்டத்தில் பதிவு செய்ய வேண்டியவை புரமோட்டர்களின் லேஅவுட், அப்பார்ட்மென்ட் திட்டங்கள். குடியிருந்த வீட்டை விற்பதற்கு அது தேவையில்லை.

படி 5: விளம்பரத்தை எழுதுவது

"அழகான வீடு, அருமையான இடம்" என்று எழுதினால் யாரும் நின்று படிப்பதில்லை. நம் மாவட்டத்தில் வாங்குபவர் முதலில் கேட்பது தண்ணீர். நிலத்தடி நீரில் ஃபுளோரைடு இருக்கும் ஊர் இது. அதற்காகவே 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் வந்தது. அந்த இணைப்பு இருந்தால் முதல் வரியிலேயே சொல்லுங்கள். ஓசூர், பெங்களூரு பக்கத்துக்காரர்கள் "முப்பதுக்கு நாற்பதா?" என்று மனையின் அளவை அடியில் கேட்பார்கள், நம் ஊர்க்காரர்கள் சென்ட் கேட்பார்கள். இரண்டையும் எழுதுங்கள். ஒரு சென்ட் 435.6 சதுர அடி.

நான் திருத்தி எழுதியது இப்படி இருந்தது:

*"தருமபுரி இலக்கியம்பட்டியில் வடக்குப் பார்த்த தனி வீடு. ஒகேனக்கல் குடிநீர் இணைப்பு, தனி போர்வெல். மனை 30க்கு 40, சுமார் 2¾ சென்ட். இரண்டு படுக்கையறை. கார் வாசல்வரை வரும். பட்டா உரிமையாளர் பெயரில். விலை 42 லட்சம். ஞாயிறு காலை நேரில் பார்க்கலாம்."*

பின்சுவரில் ஓதம் இருந்தது. அதையும் படம் எடுத்துப் போட்டேன். பார்க்க வந்தவர்கள் அதைக் காட்டி விலை குறைக்கவில்லை, ஏனென்றால் தெரிந்துதான் வந்திருந்தார்கள்.

படங்களைக் காலை வெயிலில், வீட்டைக் காலி செய்து பெருக்கிய பிறகு எடுங்கள். தெருவையும் ஒரு படம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படி 6: எங்கே போடுவது

99ஏக்கர்ஸ், மேஜிக்பிரிக்ஸ், ஓஎல்எக்ஸ், ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸ், வாசலில் ஒரு போர்டு. விளம்பரம் போடுபவர் யார் என்று தளம் கேட்கும் இடத்தில் 'உரிமையாளர்' என்பதைத் தேர்வு செய்யுங்கள். புரோக்கரும் அதே தளத்தில் போட்டிருந்தால் ஒன்றை எடுத்துவிடுங்கள். ஒரே வீடு இரண்டு முறை தெரிந்தால் ஏதோ சிக்கல் என்று நினைப்பார்கள். ஆடியில் பத்திரம் போடத் தயங்குவார்கள், ஆனால் பார்க்க வருவார்கள். ஆவணி முகூர்த்தத்துக்கு அதுதான் முன்வேலை.

இதற்கென்று தனி சிம் வைத்துக்கொள்ளுங்கள். அழைப்பவர்களில் வேறு புரோக்கர்களும் நிறைய இருப்பார்கள். வீட்டைப் பார்க்காமலே "அட்வான்ஸ் அனுப்புறேன், இந்தக் கியூஆர் கோடை ஸ்கேன் பண்ணுங்க" என்று ஒருவர் சொன்னால் உடனே துண்டியுங்கள். பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் போடவே வேண்டியதில்லை. ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.

படி 7: அட்வான்ஸ்

வங்கி வழியாக மட்டும் வாங்குங்கள். வீடு விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் வாங்குபவர் 1 சதவீதம் வரி பிடித்துக் கட்டுவார், அதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

அட்வான்ஸ் ஏறிய அன்றே புரோக்கருக்குப் போன் செய்து சொல்லுங்கள், யார் வழியாக வந்த பார்ட்டி என்றாலும் சரி. பிறகு எல்லாத் தளத்திலும் விளம்பரத்தை நீக்கி, வாசல் போர்டையும் கழற்றிவிடுங்கள்.