கண்புரைக்கும் ரத்த வகைக்கும் ஒரே மரபணு: எங்கே சறுக்குகிறோம்?

பிறவிக் கண்புரை உள்ள குழந்தையின் ரத்த வகையை எதற்குத் துருவ வேண்டும்? சம்பந்தமே இல்லாத மாதிரிதான் தோன்றும். இரண்டையும் முடிச்சுப் போடுவது 6-ஆம் குரோமோசோமில் உள்ள ஜி.சி.என்.டி.2 மரபணு. அது தரும் நொதி, செல்லின் மேல் நீளும் சர்க்கரைச் சங்கிலியில் பக்கவாட்டில் ஒரு சர்க்கரையை ஒட்டிக் கிளை பிரிக்கிறது. கிளை இல்லாவிட்டால் சிவப்பணு ‘சின்ன ஐ’, கிளைவிட்டால் ‘பெரிய ஐ’. இது ஏ, பி, ஓ இல்லாத வேறொரு ரத்த வகைப் பிரிவு. ஆங்கிலத்தில் ஒரே எழுத்தின் சிறியதும் பெரியதும்தான். தமிழில் எழுதும்போது சின்ன, பெரிய என்பதை விட்டால் குழப்பம் அங்கேயே ஆரம்பித்துவிடும்.

பிறந்த குழந்தைகள் எல்லாருக்கும் சிவப்பணு சின்ன ஐ தான். பெரிய ஐ முழுதாக வர ஏறக்குறைய இரண்டு வயதாகும். கைக்குழந்தையின் ரிப்போர்ட்டைப் பார்த்து மிரள வேண்டாம்.

பெரிய தவறு, ஒரு மரபணுவுக்கு ஒரே நொதி என்று நினைப்பது. இங்கே நொதிக்கு ஏ, பி, சி என்று மூன்று வடிவங்கள். முதல் எக்ஸான் (மரபணுவில் புரதத்துக்கான குறிப்பு உள்ள துண்டு) மட்டும் வடிவத்துக்கொன்று; 2, 3 பொது. சட்டை மூன்று, வேட்டி ஒன்று. சிவப்பணு உடுத்துவது சி சட்டை, கண் லென்ஸ் உடுத்துவது பி சட்டை. சி சட்டையில் கிழிசல் என்றால் வளர்ந்த பிறகும் ரத்தம் சின்ன ஐ-யாகவே நிற்கும், கண்ணுக்கு ஒன்றும் ஆகாது. வேட்டி கிழிந்தால் இரண்டுக்கும் சேதம். ஜப்பானிலும் தைவானிலும் சின்ன ஐ-யும் கண்புரையும் கைகோத்து வந்தன, ஐரோப்பியரிடம் பெரும்பாலும் வரவில்லை என்ற பழைய புதிர் அவிழ்ந்தது இப்படித்தான். ஆகவே சின்ன ஐ என்றதும் கண்புரை வரும் என்று பயமுறுத்துவது தப்பு. ரத்தம் பெரிய ஐ, அதனால் இந்த மரபணுவில் கோளாறில்லை என்பதும் தப்பு; பி மட்டும் கெட்டிருக்கலாமே. மரபணுச் சோதனையில் ஒரு வடிவத்தை மட்டும் படித்து ‘நார்மல்’ என்று எழுதுவது இன்னும் மோசம்.

அப்புறம் எண் விவகாரம். 2004-இல் இஸ்ரேலில் நான்கு அரபுக் குடும்பங்களின் கண்புரைக்குக் காரணம் தேடியவர்கள் 2-ஆம் எக்ஸானில் ஒரு பிழையைக் கண்டார்கள்: டிரிப்டோபன் என்ற அமினோ அமிலம் வர வேண்டிய இடத்தில், புரதத்தைப் பாதியில் முடித்துவிடும் ‘நிறுத்து’ குறி. ஏ வடிவத்தில் அது 328-ஆம் இடம். பி, சி-யில் 326. இரண்டும் ஒரே பிழைதான். வடிவத்தைச் சொல்லாமல் எண்ணை மட்டும் எழுதினால் படிப்பவர் இரண்டு பிழைகள் என்று எண்ணிக்கொள்வார். அந்தக் குடும்பங்களில் ரத்தத்தைப் பார்த்தது அதற்குப் பிறகுதான், சின்ன ஐ.

ரத்த வங்கியிலும் ஒரு கண்ணி உண்டு. குளிரில் சிவப்பணுக்களைத் திரள வைக்கும், பெரிய ஐ-க்கு எதிரான ஆன்டிபாடி பலரிடம் லேசாக இருக்கும். மைக்கோபிளாஸ்மா நிமோனியா என்ற பாக்டீரியாத் தொற்று வந்தால் கூடும். வளர்ந்தும் சின்ன ஐ-யாக இருப்பவர்களிடமும் அதே ஆன்டிபாடி இருக்கும். பெரிய ஐ ஆளின் சீரம் (ரத்தத்தின் தெளிந்த நீர்) குளிரில் அவருடைய சிவப்பணுவையே திரள வைக்கும், சின்ன ஐ ஆளுடையது பிறர் சிவப்பணுவைத்தான். சொந்தச் சிவப்பணுவோடு ஒரு டியூப் சேர்த்துப் போடாமல், இது எந்த வகை என்று பெயர் சூட்டிவிடாதீர்கள்.