கோபத்தைக் கையாளக் கற்பவர்கள் செய்யும் தவறுகள்

கட்டுக்கடங்காமல் வெடிக்கும் கோபம் உள்ளவர்களுக்கான பயிற்சிக் குழுக்களை நடத்திவருகிறேன். எனக்கும் ஒரு காலத்தில் பழக்கமாயிருந்த அதே தவறுகளைப் புதிதாக வருகிறவர்களும் வரிசை மாறாமல் செய்வதைப் பார்க்கும்போது, இவற்றை எழுதிவைத்தால் சிலருக்காவது சில மாதங்கள் மிச்சமாகும் என்று தோன்றியது. பத்து வரை எண்ண மறந்தது, மூச்சை ஆழமாக இழுக்காதது போன்றவற்றை இங்கே பேசப்போவதில்லை. பயிற்சியை உண்மையான அக்கறையுடன் தொடங்கி, சில வாரங்கள் முயன்றுபார்த்து, பிறகு "இதெல்லாம் எனக்குச் சரிப்பட்டு வராது" என்று விட்டுவிடுகிறவர்கள் எங்கே இடறுகிறார்கள் என்பதே என் கவலை.

கடைசியாக நடந்ததை மட்டும் காரணமாக எழுதுவது

கோபக் குறிப்பேடு எழுதச் சொன்னால், முதல் வாரம் வந்து சேரும் பக்கங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். "கூப்பிட்டதும் மகன் வரவில்லை, கத்தினேன்." "சாவியை யாரோ இடம் மாற்றிவிட்டார்கள், கத்தினேன்." ஒரு பெண்மணியின் பக்கத்தில், யாரோ மூடாமல் விட்ட தண்ணீர் பாட்டிலுக்காக வீடே அதிரும்படி கத்தியதாக ஒரு வரி இருந்தது. அன்று காலையிலிருந்து நடந்தவற்றையெல்லாம் சொல்லுங்கள் என்று கேட்டேன். முந்தைய இரவு அவர் சரியாகத் தூங்கவில்லை. மதியம் சாப்பிட நேரமில்லை. மேலதிகாரி நாலு பேர் முன்னிலையில் குறை சொன்னபோது பதில் பேச முடியாமல் நின்றிருக்கிறார். வீடு திரும்பும் வழி முழுவதும் நெரிசல். பாட்டில் அந்தப் பட்டியலின் கடைசி வரி மட்டுமே.

இதை 1970களிலேயே டால்ஃப் சில்மன் என்ற ஆய்வாளர் தெளிவாக விளக்கியிருக்கிறார். ஒரு நிகழ்வால் உடலில் எழும் படபடப்பு, அந்த நிகழ்வு முடிந்த கையோடு அடங்கிவிடுவதில்லை. அதன் மிச்சம் இருக்கும்போதே வேறொன்று நேர்ந்தால், முன்னதன் வேகமும் சேர்ந்து பின்னதன் மேல் ஏறிக்கொள்கிறது. நாமோ மொத்தத்தையும் பின்னதன் கணக்கிலேயே எழுதிவிடுகிறோம்.

ஆகவே குறிப்பேட்டில், நடந்த சம்பவத்துக்குக் கீழே இன்னும் மூன்று வரிகள் இருக்க வேண்டும்: அப்போது தூக்கம், பசி, வலி ஆகியவற்றைப் பொறுத்து உடல் எப்படி இருந்தது, முந்தைய சில மணி நேரத்தில் எதைச் சொல்லாமல் விழுங்கிக்கொண்டீர்கள், வெடிப்பதற்குச் சற்று முன்னால் மனத்தில் என்ன வாக்கியம் ஓடியது. மூன்றாவது வரியைப் பிடிப்பதுதான் கடினம். "என்னை மதிக்கவில்லை", "வேண்டுமென்றே செய்கிறான்", "எல்லாவற்றையும் நானே சுமக்க வேண்டியிருக்கிறது" என்ற மாதிரி அது இருக்கும். ஒருவருடைய குறிப்பேட்டில் சம்பவங்கள் எத்தனை விதமாக இருந்தாலும், இந்த வாக்கியங்கள் இரண்டு மூன்றைத் தாண்டுவதை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன். உண்மையான தூண்டுதல் அங்கேதான் இருக்கிறது.

தலையணையைக் குத்துவது

வேண்டாம். காரணம் அடுத்த பகுதியில் வருகிறது.

விலகிச் சென்று, தனியே சண்டையைத் தொடர்வது

இந்தத் தவறு எனக்கு இன்றும் எரிச்சலூட்டுகிறது. இதைச் செய்கிறவர்கள் அக்கறையற்றவர்கள் அல்லர். சொன்னதைக் கேட்டு நடப்பவர்கள். கோபம் தலைக்கேறும்போது அந்த இடத்தை விட்டு விலகுங்கள் என்று எல்லாரும் அறிவுரை சொல்கிறார்கள், இவர்களும் விலகுகிறார்கள். விலகிய பிறகு என்ன செய்ய வேண்டும், என்ன செய்யவே கூடாது என்பதைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை.

குழுவுக்கு வந்த ஒருவர், மனைவியுடன் வாக்குவாதம் முற்றும்போதெல்லாம் மாடிக்குப் போய் அரை மணி நேரம் நடந்துவிட்டு வருவதாகவும், இறங்கி வந்த பிறகு நடக்கும் சண்டை முதல் சண்டையை விட மோசமாக இருப்பதாகவும் சொன்னார். போகாமல் இருந்தாலே தேவலாம் என்பது அவர் முடிவு. அந்த அரை மணி நேரத்தில் மனத்தில் என்ன ஓடியது என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொல்லத் தொடங்கினார். முதலில் மனைவி சொன்ன வார்த்தை, அவர் சொன்ன அதே தொனியில், திரும்பத் திரும்ப. பிறகு, அதற்குத் தான் கொடுத்திருக்க வேண்டிய பதில். பிறகு, திருமணமான புதிதில் நடந்த இன்னொரு சம்பவம். அதன் பின் கைபேசியை எடுத்து நீளமாக ஒரு செய்தி தட்டச்சு செய்து, அழித்து, மறுபடியும் தட்டச்சு செய்திருக்கிறார். மாடியிலிருந்து இறங்கியபோது அவர் மனத்தில் ஒரு முழு வழக்கு, சாட்சிகளோடும் தீர்ப்போடும் தயாராக இருந்தது. இதை எங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் குரல் உயர்ந்துவிட்டது. காது மடல்கள் சிவந்திருந்தன. விரல்கள் நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பற்றியிருந்தன. அவருடைய மனைவி அந்த அறையில் இல்லை.

உடலைக் கொதிப்பில் வைத்திருக்க எதிராளி நேரில் இருக்க வேண்டும் என்பதில்லை, நினைவே போதும். ஆபத்து என்று மூளை முடிவு செய்ததும் அட்ரினலின் சுரக்கிறது, இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் ஏறுகின்றன, தசைகள் இறுகுகின்றன. தூண்டுதல் நின்றுவிட்டால் இவை தாமாகவே தணியும். ஆனால் வாக்குவாதத்தை மனத்துக்குள் ஓட்டிக்கொண்டே இருந்தால், தூண்டுதல் நிற்கவே இல்லை என்றுதான் பொருள்.

தம்பதிகளின் சண்டைகளைப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்த ஜான் காட்மன், இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 100ஐத் தாண்டிய நிலையில் எதிரில் இருப்பவர் சொல்வதை உள்வாங்கும் திறனே குறைந்துவிடுகிறது என்றும், தணிவதற்குக் குறைந்தது 20 நிமிடமாவது தேவை என்றும் சொல்கிறார். அவருடைய ஆய்வகத்தில், வாக்குவாதத்தில் இருந்த தம்பதிகளிடம் கருவியைச் சரிசெய்ய வேண்டியிருக்கிறது என்று சொல்லி நிறுத்தி, அரை மணி நேரம் பத்திரிகை படிக்கவைத்திருக்கிறார்கள். மறுபடி பேசத் தொடங்கியபோது துடிப்பும் குறைந்திருந்தது, பேச்சும் கனிந்திருந்தது. பத்திரிகை என்பதைக் கவனியுங்கள். தங்கள் பிரச்சினையை யோசித்துக்கொண்டிருங்கள் என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. அந்த 20 நிமிடம் என்பது, மனத்தில் சண்டை ஓடாத 20 நிமிடம்.

கொட்டித் தீர்த்தால் கோபம் போய்விடும் என்ற நம்பிக்கையும் இதே இடத்தில்தான் உடைகிறது. பிராட் புஷ்மன் 2002இல் வெளியிட்ட ஆய்வில், 600 மாணவர்களுக்கு அவர்கள் எழுதிய கட்டுரை மீது கடுமையான விமர்சனம் கொடுத்துக் கோபமூட்டினார்கள். ஒரு பிரிவினர் விமர்சித்தவரை நினைத்துக்கொண்டே குத்துப்பையைக் குத்தினார்கள். இன்னொரு பிரிவினர் உடற்பயிற்சியை நினைத்துக்கொண்டு குத்தினார்கள். மூன்றாம் பிரிவினர் எதுவும் செய்யாமல் சும்மா அமர்ந்திருந்தார்கள். விமர்சித்தவரை நினைத்துக் குத்தியவர்களிடம்தான் கோபம் மிக அதிகமாக இருந்தது. சும்மா அமர்ந்திருந்தவர்களிடம்தான் பழிவாங்கும் வேகம் மிகக் குறைவாக இருந்தது. புஷ்மனும் சோஃபி க்யார்விக்கும் 2024இல் 154 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும், உடலின் கிளர்ச்சியைத் தணிக்கும் செயல்களே கோபத்தைக் குறைத்தன. ஓட்டம் போல் கிளர்ச்சியைக் கூட்டும் செயல்கள் மொத்தத்தில் கோபத்தைக் குறைக்கவில்லை.

இனி, விலகும் முறை. இருவரும் அமைதியாக இருக்கும் ஒரு நாளில் இதைப் பேசி ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். விலகும்போது, "இப்போது என்னால் சரியாகப் பேச முடியாது, அரை மணி நேரத்தில் வருகிறேன், இதைப் பேசி முடிப்போம்" என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். ஒரு வார்த்தையும் சொல்லாமல் கதவை அறைந்துவிட்டுப் போவது விலகல் ஆகாது. அது சண்டையின் அடுத்த அடி. கைபேசியை விட்டுவிட்டுப் போங்கள். இழுக்கும் மூச்சை விட விடும் மூச்சு நீளமாக இருக்கும்படி சில நிமிடங்கள் சுவாசியுங்கள். தாடை, தோள், கை என்று ஒவ்வொரு தசையாக இறுக்கித் தளர்த்துங்கள். பிறகு மனத்தைப் பிடித்துவைக்கும் ஏதாவது ஒரு வேலை: துணி மடிப்பது, படிப்பது, மெதுவாக நடப்பது. வழக்கு மறுபடி தொடங்கும், நிச்சயம் தொடங்கும். தொடங்கியதைக் கண்டுகொண்டு, அதனோடு வாதாடாமல், கையில் இருக்கும் வேலைக்குத் திரும்புவதுதான் முழுப் பயிற்சியும். அந்த மாடி நண்பர், "அவள் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்ற ஒரு வாக்கியத்தையே அடையாளமாக வைத்துக்கொண்டார். அது எழுந்தால் வழக்கு தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

திரும்பலாமா என்று அறிய ஒரு சோதனை உண்டு. எதிராளியின் தரப்பை, அவரே கேட்டு "ஆமாம், அதைத்தான் சொன்னேன்" என்று ஒப்புக்கொள்ளும்படி, உங்களால் சொல்ல முடிகிறதா? முடியவில்லை என்றால் இன்னும் நேரம் தேவை. அப்படியானாலும் சொன்ன நேரத்துக்குத் திரும்பிவந்து, இன்னும் கொஞ்சம் நேரம் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். திரும்பியே வராமல் நாள் கணக்கில் பேசாமல் இருப்பவர், எதிராளியைத் தண்டிக்கிறார்.

மது அருந்திய நிலையில் பேசித் தீர்க்க அமர்வது

ஒருபோதும் கூடாது.

உச்சத்தில் இருக்கும்போது உத்தியை முதன்முறையாக முயல்வது

மேலே சொன்ன எதுவும், பழகாதவருக்குக் கோபத்தின் உச்சத்தில் கைகொடுக்காது. கோபத்துக்கான முறையான சிகிச்சையை 1975லேயே வகுத்த ரேமண்ட் நோவாக்கோ, அமைதியான நிலையில், லேசாக எரிச்சலூட்டும் காட்சியை முதலில் கற்பனை செய்து, அதில் தணியப் பழகி, பிறகே கடினமான காட்சிகளுக்கு ஏறும் முறையைக் கொண்டுவந்தார். தினமும் பழகுங்கள். கூடவே, உங்கள் உடல் முதலில் எங்கே காட்டிக்கொடுக்கிறது என்று கண்டறியுங்கள். சிலருக்குத் தாடை இறுகும், சிலருக்கு நெஞ்சு சூடாகும், சிலர் வேகமாகப் பேசத் தொடங்குவார்கள். கோபத்தைப் பத்துக்கு அளந்தால், நான்கில் இருக்கும்போதே விலகுகிறவரால் விலக முடிகிறது. ஒன்பதில் யாராலும் முடிவதில்லை.

"என்னால் அடக்கவே முடியாது" என்று நம்புவது

கோபத்தில் கையில் கிடைத்ததை வீசும் ஒருவரிடம், இதுவரை உடைந்தவற்றைப் பட்டியலிடச் சொன்னேன். தட்டுகள், சுவர்க் கடிகாரம், மகளின் பென்சில் பெட்டி, மனைவி ஆசையாக வாங்கிய பூச்சாடி. அவருடைய கைபேசியும் மடிக்கணினியும் பெரும்பாலும் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்திருக்கின்றன. ஒரு முறைகூட அவை எறியப்படவில்லை. பட்டியலைப் படித்துவிட்டு அவர் வெகுநேரம் பேசவில்லை. அவரைக் குற்றவாளியாக்குவதற்காக அதைக் கேட்கவில்லை. வெடிப்பின் நடுவிலும் தேர்ந்தெடுக்கிற ஒரு பகுதி அவருக்குள் விழித்திருக்கிறது என்பது நல்ல செய்தி. பயிற்சி அதைப் பிடித்துக்கொண்டுதான் தொடங்க முடியும். "கோபம் இருக்கிற இடத்தில்தான் குணம் இருக்கும்" என்று சுற்றி இருப்பவர்கள் ஆறுதல் சொல்வது இந்த வேலைக்குப் பெரும் இடைஞ்சல். அந்தக் குணத்தை மேலதிகாரியும் வெளியாட்களும் பார்க்கிறார்கள். கோபத்தைப் பார்ப்பது எதிர்த்துப் பேச முடியாதவர்கள்.

அடக்கிவைப்பதையே அமைதி என்று எண்ணுவது

முகத்தை மட்டும் இறுக்கமாக வைத்துக்கொண்டால் உள்ளே கிளர்ச்சி குறைவதில்லை என்பதை ஜேம்ஸ் கிராஸின் ஆய்வுகள் காட்டின. நடந்ததை வேறு விதமாகப் பார்க்க முயல்வது பலன் தருகிறது, அதுவும் தொடக்கத்திலேயே முயன்றால். தணிந்த பிறகு குறையைச் சொல்லிவிட வேண்டும். "நீ எப்போதுமே இப்படித்தான்" என்று சொல்லாமல், என்ன நடந்தது, இனி என்ன வேண்டும் என்று சொல்ல வேண்டும்.

உடனே மன்னித்துவிடும்படி வற்புறுத்துவது

மன்னிப்புக் கேளுங்கள். பதிலுக்கு அவசரப்படுத்தாதீர்கள்.

மருத்துவரிடம் போகத் தயங்குவது

அளவுக்கு மீறிச் சுரக்கும் தைராய்டு, தூக்கக் குறைபாடு, நீங்காத வலி, தலையில் பட்ட காயம், சில மருந்துகள் ஆகியவை எரிச்சலைக் கூட்டக்கூடும். மனச்சோர்வும் சிலரிடம் அழுகையாக வராமல் சிடுசிடுப்பாக வருகிறது. முன்பு அமைதியாக இருந்தவர் திடீரென்று மாறியிருந்தால், குறிப்பேட்டுக்கு முன்னால் பரிசோதனைதான் தேவை. காரணத்துக்குப் பொருந்தாத வெடிப்புகள் சராசரியாக வாரம் இரு முறை என்று மூன்று மாதம் நீடித்தாலோ, பொருள்களைச் சேதப்படுத்தும் அல்லது பிறரைக் காயப்படுத்தும் வெடிப்புகள் ஓராண்டுக்குள் மூன்று முறை நேர்ந்தாலோ, வேறு நோயாலோ போதைப்பொருளாலோ அவை வருவதில்லை என்று உறுதிசெய்துகொண்டு, அதைத் தனி நோயாகவே கருத அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட கையேடு வழிசெய்கிறது. அதற்குப் பேச்சுவழிச் சிகிச்சையும் மருந்தும் உண்டு.

கோபம் கையை ஓங்கும் அளவுக்கு வந்துவிட்ட வீட்டில், இருவரையும் ஒன்றாக அமரவைத்து ஆலோசனை நடத்துவது ஏற்றதல்ல. அங்கே பேசியதற்காகவே வீட்டில் அடி விழக்கூடும். அடிபடுகிறவருக்கும் குழந்தைகளுக்கும் பாதுகாப்பான இடம் முதலில் வேண்டும். கோபப்படுகிறவர் தனியாகச் சிகிச்சைக்கு வர வேண்டும். அடிபடுகிறவர் மன்னித்து, வீட்டுக்குத் திரும்பி வந்தால்தான் வருவேன் என்ற நிபந்தனை எதுவும் இல்லாமல் வர வேண்டும்.