கொடைக்கானல் மேல்மலைக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

கொடைக்கானல் போனால் ஏரி, கோக்கர்ஸ் வாக், தூண் பாறை என்று சுற்றிவிட்டு இறங்கிவிடுகிறோம். ஊருக்கு மேற்கே பூம்பாறை, மன்னவனூர், கூக்கால், பூண்டி என்று மேல்மலை கிராமங்கள் கிடக்கின்றன. என்னைக் கேட்டால் மலையின் அழகே அங்கேதான். ஒரு நாள் ஒதுக்கினால் போதும்.

1. முதலில் இ-பாஸ். 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்குக் கட்டாயம். அரசு பஸ்ஸில் வந்தால் வேண்டாம். ரயிலில் வருகிறவர்கள் கவனிக்க: கொடைக்கானல் ரோடு நிலையம் அடிவாரத்தில் இருக்கிறது, மலைக்கு இன்னும் சுமார் 80 கி.மீ.

2. பெட்ரோலும் கைக்காசும் கொடைக்கானலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். விடிந்ததும் கிளம்புங்கள், மத்தியானத்துக்கு மேல் மேகம் இறங்கினால் எதிரே வரும் வண்டியே தெரியாது.

3. பூம்பாறைக்குச் சுமார் 18 கி.மீ. ஊருக்குள் நுழையுமுன் சாலையோரம் நிறுத்திக் கீழே பாருங்கள்: படிப்படியாக இறங்கும் வயல்கள், நடுவில் நெருக்கியடித்த வீடுகள். ஊரிலுள்ள முருகன் கோயிலில் குழந்தை வேலப்பரைக் கும்பிட்டுவிட்டுப் பூண்டு வாங்கலாம். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற மலைப்பூண்டு இது. பல்லை நசுக்கினால் காரம் மூக்கில் ஏற வேண்டும். தாளோடு முடிந்து கட்டியதைக் கேளுங்கள், அடுப்படியில் தொங்கவிட்டால் பல மாதம் கெடாது. ஈரத்தோல் பூண்டு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம், வீடு சேர்வதற்குள் பூசணம் பூத்துவிடும். வரப்பில் இறங்குவதற்கு முன் தோட்டக்காரரிடம், "அண்ணே, உள்ளே வரலாமா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

4. அடுத்தது மன்னவனூர், கொடைக்கானலிலிருந்து ஏறத்தாழ 35 கி.மீ. வனத்துறை பராமரிக்கும் ஏரியில் பரிசல் உண்டு. எனக்கு அதைவிட ஏரியைச் சுற்றிய புல்வெளிதான் பிடிக்கும். பக்கத்திலேயே மத்திய அரசின் ஆட்டு ஆராய்ச்சி மையம். கம்பளிக்காக வளர்க்கும் பாரத் மெரினோ ஆடுகளையும் முயல்களையும் பார்த்தால் பிள்ளைகள் நகரமாட்டார்கள்.

5. நேரமிருந்தால் கூக்கால் ஏரி. பேரிஜம் ஏரியை இதே நாளில் சேர்க்காதீர்கள். அது வேறு பாதை, வனத்துறை அனுமதியும் வேண்டும்.

6. இருட்டுமுன் திரும்பிவிடுங்கள். சாலையில் காட்டுமாடு நின்றால் ஹாரன் அடிக்காதீர்கள், போட்டோவுக்காக இறங்காதீர்கள். தள்ளி நிறுத்திக் காத்திருங்கள், அதுவாக விலகிப் போகும்.