நல்ல வரி என்று நினைத்து எழுதியது

புதிதாகச் சேர்ந்த இளைஞர் தன் முதல் விளையாட்டுப் பத்தியைக் கொண்டுவந்து காட்டினார். மூன்றாவது வரியிலேயே ஒரு வீரரைப் பற்றி, ‘வெல்லும் வெறி அவரிடம் வற்றிவிட்டது’ என்று எழுதியிருந்தார். நானும் ஒரு காலத்தில் இப்படி எழுதிச் சூடுபட்டவன். ஸ்கோர் பிழை, பெயர்ப் பிழை எல்லாம் உதவி ஆசிரியர் கண்ணில் பட்டுவிடும். இது படாது.

கேலரியில் உட்கார்ந்து மனதைப் படிப்பது

அன்று ஒரு வேகப்பந்து வீச்சாளர் ஓடிவரும் தூரத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார். பவுண்டரிக்கு ஓடிய பந்தைத் துரத்தவும் இல்லை. ‘ஒப்பந்தம் கையெழுத்தானதும் கால்கள் கனத்துவிட்டன’ என்று எழுதினேன். எழுதியதை நானே இரண்டு முறை ரசித்துப் படித்தேன். இரண்டு நாளில் ஸ்கேன் முடிவு வந்தது: பாதத்தில் எலும்பு முறிவு. மாற்று ஆள் இல்லாததால் வலிக்கு ஊசி போட்டுக்கொண்டு வீசியிருக்கிறார். அணி மேலாளர் அன்று மாலை வராந்தாவில்தான் நின்றிருந்தார். அவரைக் கடந்துதான் பத்தி எழுதப் போனேன். ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். திருத்தம் உள்பக்கத்தில் இரண்டு வரியாக வந்தது. அந்த வீரர் அதன்பிறகு எனக்குப் பேட்டியே தரவில்லை.

2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில், குழு இறுதிப்போட்டியின் முதல் வால்ட்டோடு (ஓடிவந்து மேசையில் கையூன்றித் தாவிச் சுழலும் பிரிவு) அமெரிக்க ஜிம்னாஸ்டிக் வீராங்கனை சிமோன் பைல்ஸ் விலகியபோது, பாதியில் கைவிட்டவர் என்று எழுத எத்தனை பேனாக்கள் முந்திக்கொண்டன! காற்றில் சுழலும்போது உடல் எந்தப் பக்கம் இருக்கிறது என்ற உணர்வே அவருக்குத் தப்பிப்போயிருந்தது. அந்த நிலையில் தொடர்ந்தால் கழுத்து முறியலாம். ஜிம்னாஸ்டிக் பயிற்சியாளர் ஒருவரைத் தொலைபேசியில் பிடித்திருந்தால் ஐந்து நிமிடத்தில் விளக்கியிருப்பார். 2024இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் பைல்ஸ் மூன்று தங்கம் வென்றார்.

கண்ட மட்டும் எழுதலாம். ‘ஏன்’ என்பதைக் கேட்டுத்தான் எழுத வேண்டும். பதில் சொல்ல மறுத்தால் அதையே எழுதுங்கள், அதுவும் செய்திதான்.

முடிவை முன்கூட்டியே எழுதிவைப்பது

பக்கம் முடிக்கும் நேரம் நெருக்கும்போது எல்லோரும் செய்வோம். ஆனால் 2001 கொல்கத்தா டெஸ்டில் முதல் இன்னிங்ஸில் 274 ரன் பின்தங்கி, உடனே மறுபடியும் பேட் செய்ய வேண்டிவந்து (ஃபாலோ ஆன்) ஆடிய இந்தியா, 171 ரன் வித்தியாசத்தில் வென்றது. இரண்டாவது வடிவமும் கைவசம் இருக்கட்டும்.

புள்ளிவிவரக் குவியல்

பத்திக்கு ஒன்று போதும்.

வீரர்களுடன் நட்பு

வேண்டாம்.

அந்த இளைஞரிடம் மூன்றாவது வரியை எடுத்துவிடச் சொன்னேன். “சார், பத்தியிலேயே நல்ல வரி அதுதான்” என்றார். அதில் எனக்கும் சந்தேகமில்லை.