ஆப்பிளா, செர்ரியா? விறகைப் பிரித்த என் அனுபவம்

மிச்சிகனில் பழத்தோட்டங்கள் அதிகம். பழைய மரங்களை வெட்டும்போது, இறைச்சியைப் புகையில் வாட்டிச் சமைக்க விறகு சல்லிசாகக் கிடைக்கும். எனக்கு வந்த குவியலில் ஆப்பிள், செர்ரி, பீச் எல்லாம் கலந்து கிடந்தன, நடுவே பைன் கட்டைகளும். பைன் புகை பட்டால் இறைச்சி கசந்து கரிப்பிசின் படியும். அதனால் பிரித்தே ஆகவேண்டும்.

முதல் வேலை மூக்குக்கு. முனையைக் கொஞ்சம் அறுத்து முகர்ந்தேன். டர்பன்டைன் வாடை அடித்ததெல்லாம் பைன்.

அப்புறம் பட்டை. செர்ரியில் சின்னச் சின்னக் கோடுகள் குறுக்கே ஓடும். மரம் மூச்சு விடும் துளைகள் அவை. நகத்தால் கிளப்பினால் பட்டை ரிப்பன் மாதிரிக் குறுக்காகவே உரியும். ஆப்பிள் பட்டை சாம்பல் கலந்த பழுப்பு, செதில் செதிலாக உதிரும். பீச்சிலும் குறுக்குக் கோடு உண்டு, செர்ரியைப் போலவே காயம்பட்ட இடத்தில் தேன்நிறப் பிசின் உறைந்திருக்கும். இரண்டும் ஒரே பேரினம், புகையும் மென்மைதான், ஒன்றாகவே அடுக்கிவிட்டேன். பிசினில் சந்தேகம் வந்தால் தண்ணீரில் ஊறப்போடுங்கள். செர்ரிப் பிசின் ஊதிக் கொழகொழக்கும், பைன் பிசின் அசையாது.

பட்டை போன கட்டைகளைக் கையில் தூக்கிப் பார்த்தேன். காய்ந்த ஆப்பிள் கன மீட்டருக்குச் சுமார் 800 கிலோ, செர்ரி 600 தான். ஒரே அளவுக் கட்டையில் வித்தியாசம் நன்றாகத் தெரியும். எதிலும் சேராததை அடுப்பங்கரைக்கே கொண்டுபோகவில்லை.

ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே வந்தபின் கோழிக்குச் செர்ரி, பன்றித் தோள்கறிக்கு ஆப்பிள் என்று போடுகிறேன். செர்ரி தரும் அந்தக் கருஞ்சிவப்பு நிறம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.